கனகம் நிறுத்திய வீட்டுப் பேச்சு

கனகத்தை எனக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். அதில் இருபத்தேழு வருஷம் எழுத்தாளர் வேங்கடசாமியின் மனைவி என்று மட்டும்தான் தெரியும். காப்பி கொண்டுவந்து வைப்பார், "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்பார், உள்ளே போய்விடுவார். நாங்கள் உலகத்தையே தூக்கி நிறுத்துகிற மாதிரி மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்போம். அந்த அம்மாவுக்கும் பேச ஏதாவது இருக்கும் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றியதில்லை.

நான் பஷீர். கோட்டைமேட்டில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். வேங்கடசாமியின் பதினோரு புத்தகங்களையும் எழுத்து அடித்து, பக்கம் கட்டி, அச்சுக்கு அனுப்பியவன். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும், அது தெருவுக்கே தெரியும். அந்தக் கோபம் ஒரு வீட்டை என்ன செய்தது என்று சொல்லாமல் கனகத்தைப் பற்றி எழுத முடியாது.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு நாயுடு குடும்பத்தில் பிறந்தவர் கனகம். இருபத்திரண்டு வயதில் சூலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். வேங்கடசாமி அப்போது ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதில், "இனி எழுத்து மட்டும்தான்" என்று வேலையை விட்டுவிட்டு வந்தார். நாங்கள் நாலு நண்பர்கள் கூடிக் கைதட்டினோம். கனகம் கைதட்டவில்லை. மறு மாதமே பல்லடத்தில் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்து, உள்ளே கரு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பிரித்து வைக்கும் வேலை. காலை ஆறரை பஸ், சாயங்காலம் ஐந்தரை பஸ். பதினாறு வருஷம். அவர் பார்த்துத் தள்ளிய முட்டையில் உயிர் இருந்ததாக ஒரு புகாரும் வந்ததில்லை என்று மகள் மேக்னா பெருமையாகச் சொல்லுவாள்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு காலை, வேங்கடசாமியின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. அவருக்கு அறுபத்தொன்று. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. கனகம் பல்லடத்தில் இருந்தார். மேக்னாதான் எனக்கு போன் செய்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், அதோடு பேச்சு. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அனுப்பும்போது டாக்டர் சொன்னார், கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும், பேச்சுக்கு முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் வருவதுதான் பெரும்பாலும் வரும். ஆறு மாதம். கனகம் அதை விரலில் எண்ணிப் பார்த்தார். ஆகஸ்ட்.

நண்பர்கள் சேர்ந்து ஒரு ஆதரவுக் குழு அமைத்தோம். சும்மா இருப்போமா? வாட்ஸப்பில் பெயர் வைத்தோம், பொறுப்பாளர் என்று என்னைப் போட்டுக்கொண்டேன். யார் எந்தக் கிழமை ஆட்டோ கொண்டுவருவது, யார் மருந்து வாங்குவது என்று பட்டியல் போட்டேன். குறை சொல்ல முடியாது, எல்லோரும் ஓடி ஓடித்தான் செய்தார்கள்.

மார்ச் முதல் வாரம் பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். சக்கர நாற்காலியில் வேங்கடசாமி, பின்னால் ஸ்கேன் கவர்களோடு கனகம், முன்னால் நான். எங்கே போனாலும் நான்தான் முன்னால். பயிற்சி கொடுக்கும் பெண் ஹரிதா, சின்ன வயது, பொறுமைசாலி. ஒரு படிவத்தை நீட்டினார். தொழில் என்ற இடத்தில் 'எழுத்தாளர்' என்று எழுதும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரி, தாய்மொழி. அதற்கடுத்த வரி, வீட்டில் பேசும் மொழி.

அங்கே என் பேனா நின்றிருக்க வேண்டும். வேங்கடசாமி வீட்டில் பேசுவது தெலுங்கு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து இங்கேயே காடு தோட்டம் என்று ஊன்றிவிட்டவர்கள். தெலுங்கில் எழுதவோ படிக்கவோ தெரியாது. 'ஊட்டுப் பேச்சு' என்பார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புத்தக வெளியீட்டில் ஒரு ஆள் மைக்கைப் பிடித்து, "வீட்டில் ஒரு மொழி, ஏட்டில் ஒரு மொழி. இவர் எழுதுவது எப்படி நம் கதை ஆகும்?" என்று கேட்டான். நான் பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். வேங்கடசாமி சிரித்துக்கொண்டே என்னை இழுத்து உட்கார வைத்தார். ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் முன்னால் அவர் வாயிலிருந்து ஒரு தெலுங்குச் சொல் வந்ததில்லை. கனகமும் அப்படியே. வாசலில் எங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், வீடு தமிழுக்கு மாறிவிடும். நாங்கள் கிளம்பிய பிறகு திரும்ப மாறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மறந்துவிட்டிருந்தேன்.

படிவத்தைப் பார்த்ததும் அன்றைக்கு மைக்கைப் பிடித்தவன்தான் திரும்ப எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"வீட்ல என்ன பேசுவீங்க சார்?" என்று ஹரிதா கேட்டார்.

"மேடம், தமிழ்ல பதினோரு புத்தகம் எழுதுனவருங்க இவரு. அவருகிட்டப் போய் இதைக் கேக்கறீங்களே!"

பின்னாலிருந்து கனகம், "இல்லீங்க, ஊட்டுல வந்து..." என்றார்.

நான் திரும்பினேன். "என்னங்கம்மணி?"

கனகம் என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றார்.

இரண்டு வரியிலும் 'தமிழ்' என்று எழுதினேன். இரண்டாவதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

இப்போதைக்கு ஒரே மொழியில் பழக்குங்கள், ஆங்கிலம் கலக்க வேண்டாம் என்று ஹரிதா சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது கனகத்திடம் அதை நான் சட்டமாக ஆக்கினேன். "தமிழைத் தவிர வேற எந்தப் பேச்சும் அவரு காதுல விழக் கூடாதுங்கம்மணி. விழுந்துச்சுன்னா கொழம்பிப்போவாரு. அப்பறம் ஒண்ணும் வராது" என்றேன். கனகம் தலையை ஆட்டினார். படித்தவர்கள் சொல்கிறார்கள், டாக்டர் சொன்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மேக்னாவையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் தெலுங்கு நின்றது.

அது போதாதென்று எனக்கு இன்னொரு யோசனையும் வந்தது. அவர் எழுதியதையே அவருக்கு வாசித்துக் காட்டினால் சொற்கள் உள்ளேயிருந்து கிளம்பி வரும் என்று குழுவில் சொன்னேன். ஆகா என்றார்கள். காலை பத்து மணிக்கு ஒருவர், மாலை நாலு மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து வாசித்தோம். வாசித்து முடித்ததும் கட்டில் பக்கத்தில் குனிந்து, "பேசுங்க, ஒரே ஒரு வார்த்தை பேசுங்க" என்போம். அவர் எங்களை உற்றுப் பார்ப்பார். உதடு துடிக்கும். நெற்றி வியர்க்கும். முதலில் 'ஆ, ஆ' என்று ஏதோ வந்தது. மே மாதத்துக்குப் பிறகு அதுவும் நின்றது. யாராவது புத்தகத்தைத் திறந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எங்களில் ஒரு புத்திசாலி, "உள்ளுக்குள்ள அடுத்த நாவல் ஓடுது போல" என்றார். அந்தப் புத்திசாலி நான்தான்.

கனகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. லீவை நீட்டிக்கொண்டே போனதில், இனிமேல் நீட்ட முடியாது என்று பொரிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி வைத்துக்கொண்டு, அடுப்படிக்கும் கட்டிலுக்குமாக நடப்பார். யாராவது கிளம்புகிறேன் என்றால், "சித்த இருந்து சாப்புட்டுப் போகோணுமுங்க" என்பார். யாரையும் வர வேண்டாம் என்று சொல்ல அந்த வாய்க்குத் தெரியாது. ஜூன் மாதத்தில் ஒருநாள், கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "நாலு மாசம் போச்சுங்கண்ணா. இன்னும் ரெண்டுதானுங்களே இருக்குது. நாங்க என்ன தப்புப் பண்றோமுங்க?" இன்னும் தெளிவாக உச்சரித்துப் பேசுங்கள் என்றேன்.

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தாஜுன்னிசாவும் என்னோடு சூலூருக்கு வந்தாள். கூடத்துக் கட்டிலில் வேங்கடசாமி. பக்கத்தில் நாற்காலி போட்டு, குழுவில் இருக்கும் திருமலைசாமி மூன்றாவது நாவலை வாசித்துக்கொண்டிருந்தார். தாஜ் நேராக அடுப்படிக்குப் போனாள். சூலூர் வந்தால் எப்போதும் அவளுக்கு அடுப்படிதான். அவள் குரல் சின்னக் குரல் இல்லை. கூடத்துக்கே கேட்டது.

"ஏன் கனகம், மேக்னாகிட்டத் தமிழ்ல பேசறே? உங்க தெலுங்கு எங்க போச்சு?"

கனகம் மெதுவாகச் சொன்னார், "பேசக் கூடாதுன்னு நிறுத்திப்போட்டோமுங்க அக்கா."

"எதுக்கு?"

"அவரு கொழம்பிப்போவாருன்னு அண்ணா சொன்னாங்க."

தாஜ் சொன்னாள், "அவரு பொறந்ததுலயிருந்து அந்தப் பேச்சுதானே கனகம்? அதை நிறுத்திட்டு எதைப் பேசச் சொல்றீங்க அவரை?"

எனக்குத் தலையில் யாரோ ஓங்கிப் போட்டது போல் இருந்தது. எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனேன். கனகம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடக்க முடியாமல் அழுகையோடு சேர்ந்து வந்தது பேச்சு.

"அவரு பேசுனாருங்கண்ணா. ஏப்ரல் மாசமே பேசுனாரு. நான் தண்ணி கொண்டாந்தேன். டம்ளரைப் பாத்து 'நீள்ளு'ன்னாரு. தண்ணிக்கு எங்க ஊட்டுப் பேச்சுங்க அது. எனக்கு உசுரு வந்திருச்சு. ஆனா தமிழ்லதான சொல்ல வைக்கோணும்? 'தண்ணின்னு சொல்லுங்க, குடுக்கறேன்'னு டம்ளரைத் தள்ளிப் புடிச்சுக்கிட்டேனுங்க. மறுக்கா 'நீள்ளு'ன்னாரு. நான் குடுக்கலீங்க. 'தண்ணி, தண்ணி'ன்னு சொல்லிச் சொல்லிக் காட்டறேன். கண்ணுல தண்ணி வந்திருச்சு அவருக்கு. அப்பறம் குடுத்தேன், குடிக்கலீங்கண்ணா. அதுக்கப்பறம் வாயே தொறக்கல."

தாஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கனகம் நிறுத்தவில்லை.

"முட்டைக்குள்ள உசுரு இருக்குதான்னு பாத்துச் சொல்றவ நானு. பதினாறு வருஷம் பாத்தேன். அவருக்குள்ள பேச்சு இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சுங்களே."

அந்த நேரத்தில் என் நாக்கைப் பிடுங்கி எறிந்திருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது. கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் கூடத்துக்குப் பாய்ந்து, திருமலைசாமி கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினேன். "போதும். மூடுங்க. இனி யாரும் வாசிக்க வேண்டாம்." பாவம், அந்த மனுஷன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, ஒன்றும் புரியாமல் எழுந்து போனார்.

வெளியே போய் ஹரிதாவுக்கு போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "சார், நான் அன்னைக்கே கேட்டேனே" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "எனக்குத் தெலுங்கு தெரியாது. அவங்கதான் செய்யணும். கேள்வி கேக்க வேண்டாம், சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். முன்னெல்லாம் எப்படிப் பேசுவாங்களோ அப்படிச் சும்மா பேசட்டும். இப்பவே" என்றார்.

கனகம் கட்டில் பக்கம் போய் நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அங்கே நிற்கும்வரை அந்த வீட்டில் தெலுங்கு வராது என்று எனக்கு முன்னால் தாஜுக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். மேக்னாவும் வந்து படியில் உட்கார்ந்தாள்.

உள்ளே கனகம் பேச ஆரம்பித்தார். முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு வேகமாக. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நடுநடுவே பல்லடம் என்று வந்தது, பஸ் என்று வந்தது, மேக்னா பெயர் வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சிரிப்பு மாதிரி ஒன்றுகூட நடுவில் வந்தது. பிறகு அழுகை வந்து நிறுத்திவிட்டார்.

அப்போது இன்னொரு குரல் கேட்டது. கரகரவென்று, பாதி மூச்சாக. "மாட்லாடு."

நான் எழுந்துவிட்டேன். தாஜ் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கனகம் திரும்பப் பேசினார். நிறுத்தினார். "மாட்லாடு" என்றது குரல். அவர் நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் வந்தது.

மேக்னாவிடம் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பேசுன்னு சொல்றாரு மாமா. அம்மாவைப் பேசச் சொல்றாரு."

நாலு மாதமாக நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்துச் சொன்னது அந்த ஒரு சொல்லைத்தான்.

பின்னால் கனகம் சொல்லித்தான் மீதி தெரிந்தது. "நான் அவரு மேல கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சுப்போட்டாருங்க. இப்படி வுழுந்து கெடக்கறோம், அதனால இவ நம்மகிட்டப் பேச்சை விட்டுட்டா, வெளியாளுகிட்டப் பேசற மாதிரி பேசறான்னு. கலியாணமாகி முப்பது வருஷத்துல, நாங்க தனியா இருக்கறப்ப நான் அவருகிட்டத் தமிழ்ல ஒரு வார்த்தை பேசுனதில்லீங்களே அண்ணா." மகளும் அப்படியே மாறிவிட்டாள். வீடு முழுக்க வெளியாட்களாக இருந்திருக்கிறது அவருக்கு.

ஆகஸ்ட் வந்தது, போனது. இப்போது ஜனவரி. கோலை ஊன்றிக் குளியலறைவரை நடக்கிறார். அறுபது எழுபது தெலுங்குச் சொற்கள் பேசுகிறார், இரண்டு இரண்டாகச் சேர்த்து. தமிழ் வரவில்லை. அவருடைய பதினோரு புத்தகங்களும் அலமாரியில் நெருக்கி நிற்கின்றன. ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனிமேல் மெதுவாக வந்தாலும் வரலாம் என்கிறார் ஹரிதா. "அந்த நாலு மாசம் மட்டும்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மீதியை நானே முடித்துக்கொண்டேன்.

கனகத்தின் பாடு இன்னும் மோசம். வேங்கடசாமி பேச வேண்டுமானால் கனகம் வீட்டில் இருக்க வேண்டும். வீடு நடக்க வேண்டுமானால் கனகம் பல்லடம் போக வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் வேலை வாங்கியிருக்கிறார். அவர் பஸ் ஏறியதும் வேங்கடசாமி வாயை மூடிக்கொள்வார், இரண்டு மணிக்குக் கேட் சத்தம் கேட்டால் திறப்பார். மேக்னா மட்டும் பேசினால் போதவில்லை. பதினாறு வருஷம் ஆறரை பஸ்ஸுக்கு ஒரு நாளும் தயங்காத பெண், இப்போது நிறுத்தத்தில் நின்றுகொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். குழுவால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எங்களில் ஒருத்தருக்கும் தெலுங்கு தெரியாது.

ஒரு நாள் மனசு பொறுக்காமல், "என்னை மன்னிச்சிருங்கம்மணி, அந்தப் படிவத்துல நான்தான்..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "அட, நீங்க நல்லதுக்குத்தானுங்களே பண்ணுனீங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்கண்ணா" என்றார். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

அதைவிட ஒன்று இருக்கிறது. நான் உள்ளே போனால் வேங்கடசாமி பேச்சை நிறுத்திவிடுகிறார். அதுவரை கனகத்தோடு பேசிக்கொண்டிருப்பார். என் தலையைக் கண்டதும் வாயை மூடுவார். அந்தப் பழைய பழக்கம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. எனக்காகத் தமிழைத் தேடுவார். உதடு துடிக்கும், நெற்றி வியர்க்கும், ஒன்றும் கிடைக்காது. கனகம் என்னைப் பார்த்துச் சிரித்து, "உக்காருங்கண்ணா" என்பார். தெலுங்கிலேயே பேசச் சொல்லுங்கள் என்று நானே சொல்லிப் பார்த்தேன். கனகம் அவரிடம் சொன்னார். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மூன்று தடவை இப்படி ஆன பிறகு எனக்குப் புரிந்துவிட்டது.

இப்போதும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சூலூருக்குப் போகிறேன். மாத்திரையும் பழமும் இருக்கும் பையைக் கேட் கொக்கியில் மாட்டிவிட்டு, காம்பவுண்டுச் சுவரோரம் நிற்கிறேன். கனகம் பத்துச் சொல் பேசுகிறார், அவர் இரண்டு சொல் பேசுகிறார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்ப பஸ் ஏறுகிறேன். உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று தாஜ் கேட்டால், பார்த்தேன் என்கிறேன். செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டேன்.